உள்ளங்கையளவு வெளிச்சம்

கமலத்துக்கு,

பென்சிலில் எழுதியிருக்கிறேனே என்று பார்க்காதே. பின்கட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கிருந்து எது வெளியே போனாலும் தனம் அத்தை தண்ணீர் தெளித்துத்தான் எடுப்பாள். மையென்றால் கரைந்துவிடும். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. மாப்பிள்ளை கண்ணில் பட வேண்டாம்.

உன் கடிதம் வந்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. "வண்ண டப்பாவைத் திருப்பி அனுப்பிவிடட்டுமா அம்மா? வைகாசிக்குப் பிறகு திறக்கவே இல்லை. இப்போதுதான் நான் தூரமாவதே இல்லையே, வரைய நேரம் ஏது? நேரம் கிடைத்தாலும் மனம் போகவில்லை" என்று எழுதியிருந்தாய். வேடிக்கையாகத்தான் எழுதியிருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடிதத்தை மடித்து அரிசிப்பானைக்குப் பின்னால் வைத்தேன். மறுபடி எடுத்துப் படித்தேன். டப்பாவை அனுப்பாதே என்று எழுத நினைத்துப் பென்சிலை எடுத்தால், ஏன் அனுப்பக் கூடாது என்பதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் மாதத்தின் அந்த மூன்று நாளும் எனக்குத் தண்டனை. திருச்சியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். புஸ்தகத்தோடு இருந்து பழகியவள். இங்கே ஒரு பாய், ஒரு செம்பு, ஒரு மண் சுவர். அடுப்பைத் தொடக் கூடாது, கிணற்றைத் தொடக் கூடாது, வாசற்படி ஏறக் கூடாது. சோறு தூரத்தில் வைக்கப்படும். இரண்டாவது மாதமோ மூன்றாவது மாதமோ, அழுது ஓய்ந்து சும்மா படுத்திருந்தபோது ஒன்று தோன்றியது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. காலையிலிருந்து ஒருவரும் கூப்பிடவில்லை. களத்து ஆட்களுக்குக் கூழ் இல்லை, மாட்டுக்குக் கழுநீர் இல்லை, உன் அப்பாவுக்கு வெந்நீர் இல்லை. இருபது வயதில் அப்படி ஒரு அமைதி காதில் விழுந்தால் என்னவோபோல் இருக்கும். பயமும் இருந்தது. ஆசையும் இருந்தது.

சுவரில் ஒரு செங்கல் விழுந்த ஓட்டை இருக்கிறதே, உனக்குத் தெரியும். அதன் வழியாக வெயில் தரையில் விழும். ஓர் உள்ளங்கையளவு. கூரை தாழ்வு என்பதால் மற்ற இடமெல்லாம் இருட்டு. அந்த வெயிலுக்குள் எவ்வளவு அட்டை அடங்குமோ அவ்வளவுதான் என் படம். சிறிதாக வரைவது ஒரு கலை என்றெல்லாம் எனக்குத் தெரியாது. பெரிதாக வரைய வெளிச்சம் இல்லை. கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தை அந்த அளவுக்கு வெட்டிக்கொண்டேன். காவி, மஞ்சள், துணிக்குப் போடும் நீலம், விளக்குக் கரி, சுண்ணாம்பு. பூனை கடித்துப் போட்ட அணிலின் வாலிலிருந்து தூரிகை. வண்ணம் குழைக்க, கல்லாகிப்போன சிப்பி ஒன்று. நம் காட்டில் கடலைக்கு உழும்போதெல்லாம் கலப்பைக் கொழுவில் தட்டுப்படுமே, அது. ஓட்டை வழியாக என்ன தெரிந்ததோ அதை வரைந்தேன். கிணற்றில் ஒரு பகுதி. வேலி. கன்றுக்குட்டியின் காது. வெயில் நகர நகரப் பாயையும் நகர்த்திக்கொள்வேன். அது சுவரில் ஏறிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது.

நீ பெரியவளான பிறகு சில மாதங்களில் நம் இருவருக்கும் நாள் சேர்ந்து வந்ததே, நினைவிருக்கிறதா? ஒரே வெயிலுக்கு இரண்டு தலை முட்டிக்கொள்ளும். "தள்ளிக்கம்மா, உன் நிழல் விழுது" என்பாய். உன் கோடு என் கோட்டைவிடச் சன்னமாக இருக்கும். அதனால்தான் கல்யாணத்தின்போது பாத்திரங்களுக்கு நடுவில் அந்த டப்பாவையும் வைத்தேன். உன் மாமியார் வீட்டிலும் மூன்று நாள் உண்டு, மாட்டுக்கொட்டகையை ஒட்டி அறை உண்டு என்று விசாரித்துக்கொண்டுதான் வைத்தேன். எந்தத் தாயாவது இதை விசாரிப்பாளா?

இப்போது உனக்கு அந்த நாள் இல்லை. பிள்ளை பிறந்த பிறகும் வெகுநாள் இருக்காது. எனக்கு என்ன நடந்தது என்று சொல்லத்தான் வேண்டும். நீ பிறந்தாய், பிறகு உன் தம்பி. இடையில் ஒன்று தங்கவில்லை. அந்த வருஷங்களில் நான் தூரிகையைத் தொடவில்லை. கிடைத்த நேரமெல்லாம் மற்றவர்களுடையது, என்னுடையது அந்த மூன்று நாள் மட்டும் என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு நாள் மறுபடி கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தால் கை மரக்கட்டை. கன்றுக்குட்டியின் காது வெற்றிலைபோல் வந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படுத்துத் தூங்கினேன். அடுத்த மாதமும் தூங்கினேன். கை திரும்ப ஒரு வருஷம் ஆயிற்று. மனம் திரும்ப அதற்கும் மேலே. உனக்கும் அப்படி ஆகிவிடுமோ என்பதுதான் என் கலக்கம். திரும்பாமலே போய்விட்டால்?

இனிமேல் எழுதப்போவதுதான் கிழிக்க வேண்டிய பகுதி.

எனக்கு நின்றுவிட்டது. சித்திரையோடு சரி. அடுத்த மாதம் நாள் வந்தது, வேறொன்றும் வரவில்லை. வரும் என்று காத்திருந்தேன். அதற்கடுத்த மாதம் ஒரு காலையில் பாயைச் சுருட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். சும்மா. பொய்யாக. தனம் அத்தை செம்பை வைத்துவிட்டுப் போனாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. யாரும் கேட்கக் கூடாத விஷயம் என்பதில் இப்படி ஒரு வசதி இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து மாதா மாதம் வருகிறேன். இப்போதும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். காலடிச் சத்தம் கேட்டால் அட்டையைப் பாய்க்கடியில் தள்ளிவிடுகிறேன். வரையும் நேரத்தைவிடக் காது கொடுத்துக் கேட்கும் நேரம் அதிகம். திருடிய நேரத்தில் கோடு நேராக வருவதில்லை, கமலம். இருந்தும் விட முடியவில்லை.

போன வாரம் உன் மாமனாரும் மாமியாரும் பாடாலூரிலிருந்து, பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடும் பஸ்ஸைப் பிடித்து வந்தார்களே, உன் வளைகாப்புக்கு நாள் பார்க்க. அவர்கள் உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பார்கள். நான் கதவுக்கு உள்பக்கம் மோர்ச் செம்போடு நின்றிருந்தேன்.

"கார்த்திகையில ரெண்டே நாளுதான் தேறுது சம்பந்தி," என்றார் உன் மாமனார். "மொத நாளு பையன் நட்சத்திரத்துக்கு ஆகாது. ரெண்டாவதுதான். அதை விட்டா மார்கழி பொறந்துடும்."

"அப்ப அதையே வச்சுக்குவோம்," என்றார் உன் அப்பா.

நடையில் நின்றிருந்த தனம் விரல்களை மடக்கி எண்ணினாள். "அண்ணே, அன்னைக்கு அண்ணிக்குத் தோதுப்படாதுண்ணே."

ஆண்கள் இருவரும் கூரையைப் பார்த்தார்கள். உன் மாமியார்தான் பேசினார்.

"அதுக்கென்னங்க. எங்க பக்கத்துல அஞ்சாறு சுமங்கலிங்க இருக்கோம், நல்லபடியா வளையல் போட்டு அனுப்பிடறோம். அவங்க வூட்டுலயே இருக்கட்டும். வந்த எடத்துல ஒன்னு ஆயிட்டா யாருக்குச் சங்கடம்? அவங்களுக்குத்தான்."

"ஆமா, ஆமா," என்றார் உன் அப்பா.

முடிந்துவிட்டது. என் பெண்ணுக்கு நான் வளையல் போட மாட்டேன். மற்றவர்கள் கட்டுச்சோற்றைக் கட்டிக்கொண்டு போக, நான் இந்த ஓட்டை வழியாகக் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த மாதம் எனக்கு வராது என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். எப்படித் தெரியும் என்பார்கள். வரலாம், வராமலும் போகலாம் என்பதை நம்பிச் சம்பந்தி வீட்டுக்கு யாரும் அழைத்துப்போக மாட்டார்கள். நின்றே போயிற்று என்று சொன்னால்தான் உண்டு. சொன்னால் கொட்டகை போயிற்று. அதோடு இந்த வெயிலும்.

எவ்வளவு நேரம் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றேன் என்று தெரியவில்லை. ஒரு சொல். அதைச் சொல்லியிருக்கலாம். வாயே திறக்கவில்லை.

வெயில் சுவரில் ஏறிவிட்டது. மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

*

இது வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதுவது. அதே பென்சில்தான்.

குளித்துவிட்டு வந்த அன்று காலை தனம் கிணற்றடியில் இருந்தாள். உனக்கு அவளைத் தெரியும். கல்யாணமான இரண்டாம் வருஷமே தாலியை இழந்து அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். வாயும் கையும் ஒரே வேகம். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன அண்ணி, தண்ணி வேணுமா?"

"தனம், எனக்கு நின்னு போச்சு."

கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தாள். வாளி தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

"எப்ப?"

"சித்திரையில."

"அதைச் சொல்றதுக்கு ஐப்பசி ஆச்சா?"

"உனக்குத் தெரியுமா?"

"இத்தனை மாசமா வேலியில ஒரு துணி காயல. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

எல்லாவற்றையும் யோசித்துச் செய்ததாக நினைத்திருந்தேன். துணியை யோசிக்கவில்லை.

"தெரிஞ்சுமா அன்னைக்கு அவங்க முன்னால விரலை மடக்குன?"

"நீங்க வாயத் தொறக்கறீங்களான்னு பாக்கத்தான்." வாளியை மேலே இழுத்துக் குடத்தில் கவிழ்த்தாள். "பெத்த பொண்ணுக்கு வளைகாப்பு. அப்பவும் கல்லு மாதிரி நின்னீங்க. அவ்வளவு பெருசா அந்தப் படம்?"

கமலம், அதற்கு நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டேன், இத்தனை மாதம் ஏன் சும்மா இருந்தாய் என்று. "எனக்கு லாபம்தான்," என்றாள். "மூணு நாளு கழிச்சு வெளிய வந்தா உங்க மூஞ்சி நல்லா இருக்கும். பத்து நாளைக்கு யார் மேலயும் எரிஞ்சு விழ மாட்டீங்க. அதுக்காக ரெண்டு குடம் கூட எறைச்சா என்ன, செத்தா போயிடுவேன்?" பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, காட்டுங்க. அப்படி என்னதான் கிறுக்குறீங்கன்னு பாப்போம்," என்றாள்.

கொட்டகையின் கூரைச் செருகலிலிருந்து, படங்களைப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்தேன். உன்னைத் தவிர யாருக்கும் காட்டியதில்லை. வெளிச்சத்துக்கு வந்து நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அட்டையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இது யாரு?"

"நீதான்."

"இது?"

"அதுவும் நீதான்."

"இது என் பழைய செவப்புச் சீலை." அடுத்தது. அதற்கடுத்தது. "எல்லாத்துலயும் தண்ணியே எறைச்சுக்கிட்டு இருக்கேன்." சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ஏன் அண்ணி, நான் உக்காந்திருக்கற மாதிரி ஒன்னுகூட இல்லையா?"

இல்லை.

ஓட்டை வழியாகத் தெரிந்ததை வரைந்தேன் என்று முன்னே எழுதினேன் அல்லவா? ஓட்டை வழியாகத் தெரிந்தது கிணறு. கிணற்றடியில் தெரிந்தவள் என் பங்குத் தண்ணீரையும் சேர்த்து இறைத்தவள். வருஷக்கணக்கில் அவள் முதுகையும் தோளையும் கவனித்து, கயிறு இழுக்கும்போது எந்தப் பக்கம் நிழல் விழுகிறது என்பதுவரை பார்த்து வரைந்திருக்கிறேன். நிழலைப் பார்த்தேன். என் நேரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் டப்பாவை வைத்துக்கொள் என்று மட்டும் எழுதினால் அது முழுசாகாது. உனக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால், அந்த ஒரு மணி நேரம் யார் கையில் கூடுதல் வேலையாக விழுகிறது என்று திரும்பிப் பார்த்துக்கொள். உன் ஓரகத்தியா, பாத்திரம் தேய்க்க வருகிறவளா? அவளுக்கும் ஒன்று திருப்பிக் கொடு. ஒளிந்து எடுத்தால் திருப்பிக் கொடுக்க முடியாது. கேட்டு வாங்கினால்தான் முடியும். கேட்பது கஷ்டம். எனக்கு இந்த வயதிலும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

உன் அப்பாவிடம் தனமே சொல்லிவிட்டாள். "அண்ணே, அண்ணிக்கு இனிமே அந்தத் தொந்தரவு இல்ல. பாடாலூருக்கு அவங்களும் வராங்க." அப்பா, "அப்படியா," என்றார். அப்புறம், "கடலைக்கு ஆளு வந்தாச்சா?" என்று கேட்டார். இத்தனை மாதம் நான் நடுங்கியதற்கு அவ்வளவுதான் பதில். எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

இப்போது காலையில் நாங்கள் இருவரும் சேர்ந்து இறைக்கிறோம். அவள் இழுக்க நான் தூக்க, வெயில் உச்சிக்கு வருவதற்குள் முடிந்துவிடுகிறது. சாயங்காலம் அடுப்பு மூட்டும்வரை யாருக்கும் எதுவும் தேவையில்லை. இந்த நேரம் இந்த வீட்டில் எப்போதும் இருந்திருக்கிறது. அவள் வேலை, என் வேலை என்று இரண்டாக உடைந்து கிடந்ததால் தெரியவில்லை.

முந்தாநாள் மத்தியானம் முதல் முறையாகக் கூடத்தில், பின்கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிப்பியில் காவியைக் குழைத்தேன். தனத்தை எதிரில் உட்காரச் சொன்னேன். "உக்காந்தாப் போதுமா, ஒன்னும் செய்ய வேணாமா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத் தூணில் சாய்ந்தாள். எனக்குக் கை ஓடவில்லை. வெளிச்சம் அதிகம். கதவு முழுக்க வெளிச்சம், முற்றம் முழுக்க வெளிச்சம். எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. இத்தனை நாள் நேரம் இல்லை நேரம் இல்லை என்றவள், நேரம் வந்து எதிரில் உட்கார்ந்ததும் எழுந்து ஓடப் பார்த்தேன். அடுப்பில் ஏதாவது இருக்கிறதா என்றுகூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மனம் போகவில்லை என்று நீ எழுதினாயே, அது இதுதான் என்று நினைக்கிறேன். அதைச் சோம்பல் என்று எண்ணிக்கொள்ளாதே. பயம் அது. தூரிகையை எடுத்தால் பழைய கை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும் அல்லவா?

ஒரு பழைய அட்டையை எடுத்து நடுவில் சதுரமாக ஓட்டை வெட்டினேன். செங்கல் ஓட்டையைப்போல. அதைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பார்த்தேன். முற்றம் போயிற்று, கதவு போயிற்று. தனத்தின் கை மட்டும் இருந்தது, மடியில் மல்லாந்து. அவள் தூங்கிப்போயிருந்தாள். அந்தக் கையை வரைந்தேன். உன் அப்பா உள்ளே வந்தவர் நின்று பார்த்தார்.

"என்ன, இன்னைக்கு என்ன நாளு?"

"ஒன்னும் இல்லைங்க. வெறும் நாளு."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். எனக்குக் காது சுட்டது. படம் நன்றாக வரவில்லை. கட்டை விரல் தடித்துவிட்டது. ஆனாலும் நேற்றும் உட்கார்ந்தேன்.

தனமும் பாடாலூருக்கு வருகிறாள். வர மாட்டேன் என்றுதான் சொன்னாள். விசேஷ வீட்டில் தான் எதற்கு என்றாள். சமையற்கட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று நான் சொன்ன பிறகுதான் சம்மதித்தாள். வண்டியில் அவளுக்கும் இடம் சொல்லியாகிவிட்டது. சொன்னதிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. உன் மாமியார் முகம் எப்படிப் போகுமோ தெரியாது. நீ ஒன்று செய். முதல் வளையல் நான் போடுவேன். மற்றவர்கள் போட்டு முடித்து, கூட்டம் சாப்பிட உட்கார்ந்ததும், எழுந்து சமையற்கட்டுக்குப் போய் அத்தையிடம் உன் கையை நீட்டு. அவள் மாட்டேன் என்பாள். திட்டுவாள். நீட்டிக்கொண்டே நில்.

ஓட்டை வெட்டிய அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். எனக்கு இன்னொன்று வெட்டிக்கொள்கிறேன். கையில் பிடித்துப் பார். தெரிகிறதை மட்டும் வரை, அவ்வளவு போதும். ஒரு விரல் அளவு வரைந்தாலும் போதும். எந்த நாள் என்று பார்க்காதே.

இந்தக் கடிதத்தைக் கிழிக்க வேண்டாம். மாப்பிள்ளை கேட்டால் கொடு. படிக்கட்டும்.

டப்பாவை அனுப்பாதே. உனக்கு வளையல் போட்டுவிட்டு அதைத் திறந்து பார்ப்பேன். தூரிகை காய்ந்து கிடந்தால் திட்ட மாட்டேன். தண்ணீரில் நனைத்து உன் கையில் கொடுப்பேன்.

அம்மா